எண்ணுகிற சில்லறையைக் கொஞ்சம் பாருங்கள்

ஒருவரை ஒன்றுக்கும் உதவாதவர் என்று திட்ட வேண்டுமா? ‘செல்லாக்காசு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். கருமியைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘அவரிடம் ஒரு தம்பிடி தேறாது’ என்பார்கள். உருப்படியில்லாத பொருள் ‘ஓட்டைக் காலணாவுக்குப் பெறாது’. தம்பிடியும் காலணாவும் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்தபோதே வழக்கொழியத் தொடங்கிவிட்டன. நடுவில் ஓட்டை போட்ட காலணா, உலகப்போர் நேரத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. காசு போய்விட்டது, பேச்சு போகவில்லை!

பேச்சில் இத்தனை இடம் பிடித்த காசைக் கையில் வாங்கும்போது மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எண்ணுவார்கள், பையில் போடுவார்கள், அடுத்த கடையில் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

பார்க்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். குடி முழுகாது. ஆனால் நஷ்டம் உண்டு, அதுவும் இரண்டு விதத்தில். காசைப் பார்த்துப் பழகாதவர் நல்ல காசைக் கள்ளக்காசு என்று நம்பி வாங்க மறுக்கிறார். அதே ஆள், சாதாரணக் காசை லட்சம் ரூபாய் பெறும் அபூர்வம் என்று நம்பிக் கைப்பணத்தையும் இழக்கிறார். முதலாவது பயம், இரண்டாவது ஆசை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: கையில் இருக்கும் காசைக் கண்ணால் பார்க்காதது.

எல்லையில் ஒரு கல்லாப்பெட்டி

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். ரயிலில் போனால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று வரும். அதற்கு அடுத்த நிலையம் தடா. அது ஆந்திரா, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே ஸ்ரீசிட்டி, கிழக்கே பழவேற்காடு ஏரி. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் ஊர் இது. தமிழில் சில்லறை, தெலுங்கில் சில்லர... அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

இந்த மாதிரி ஊரில் ஒரு டீக்கடைக் கல்லாப்பெட்டியில் என்னென்ன காசு வந்து விழும் என்று யோசித்துப் பாருங்கள். சிப்காட்டில் வேலை செய்யும் பீகார், ஒடிசாக்காரர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்த காசு. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் லாரி ஓட்டுநர் டீக்குக் கொடுத்த காசு. புறநகர் ரயிலில் சென்னையிலிருந்து திரும்பியவர் கொடுத்த காசு. இந்தியாவின் எந்த நாணயச்சாலையில் அடித்த காசும் இங்கே வந்து சேர வழி இருக்கிறது. சில்லறையில் வகை தேடுபவருக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

ஆண்டுக்குக் கீழே பாருங்கள்

இந்தியாவில் அரசு நாணயச்சாலைகள் நான்கு: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. எந்தக் காசு எங்கே அடிக்கப்பட்டது என்பது காசிலேயே எழுதியிருக்கிறது. ஆண்டு பொறித்திருக்கும் இடத்துக்குக் கீழே பார்க்க வேண்டும். சின்ன சாய்சதுரம், அதாவது டைமண்ட் இருந்தால் மும்பை. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

இவ்வளவுதான் பாடம். ஐந்து நிமிடத்தில் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இதற்கு அடுத்த படியும் இருக்கிறது. உள்நாட்டு நாணயச்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத காலங்களில் அரசு வெளிநாடுகளில் காசு அடித்து வாங்கியது. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் நாணயங்கள் சிலவற்றில் ஆண்டுக்குக் கீழே ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஹீட்டன் நாணயச்சாலையில் அடித்தது. 1990-களின் பிற்பகுதியில் மெக்சிகோ, ஸ்லோவாகியா, தென் ஆப்பிரிக்கா போன்ற நாடுகளிலும் இந்தியக் காசு அடிக்கப்பட்டது. கீரையோ கொத்தமல்லியோ வாங்கிவிட்டு மீதி வாங்கும் காசு மெக்சிகோவில் பிறந்து வந்திருக்கலாம் என்றால் கொஞ்சம் ஆச்சரியமாகத்தானே இருக்கிறது?

தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. துருப்பிடிக்காத எஃகுக் காசுக்கு முதலில் தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்ட வேண்டும். அப்படி நாணய வில்லைகள் வெட்டும் பிரிவு சேலம் உருக்காலையில் அமைக்கப்பட்டது. சேலத்தில் வட்டமாகி, வேறொரு மாநிலத்தில் சிங்கமுத்திரை வாங்கிக்கொண்டு, சுற்றிச் சுற்றித் தமிழ்நாட்டுக்கே திரும்பிய காசுகள் நிறையவே இருக்கும்.

தேய்ந்துகொண்டே வந்த ரூபாய்

காசைப் பார்த்துப் பழகியவருக்குப் பொருளாதாரமும் கொஞ்சம் புரியும். ஒரு ரூபாய் நாணயத்தின் எடையை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 1950-இல் நிக்கல் ரூபாய் 11.66 கிராம். 1962-இல் 10 கிராம். 1975-இல் செம்பு-நிக்கல் கலவைக்கு மாறி 8 கிராம். 1983-இல் 6 கிராம். 1992-இல் எஃகுக்கு மாறி 4.85 கிராம். 2011-இல் சுமார் 3.8 கிராம். 2019 வரிசையில் 3.09 கிராம். எழுபது வருடத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. விலைவாசியைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட, இந்த ஏழு காசையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும்.

இதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 1992-இல் வந்த ஒரு ரூபாய் எஃகு நாணயம் 25 மில்லிமீட்டர் விட்டம், 4.85 கிராம். 2011-இல் வந்த இரண்டு ரூபாய் நாணயமும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம்! உலோகமும் ஒன்றுதான். கண் தெரியாதவர்களும் வயதானவர்களும் தடவிப் பார்த்து எப்படிப் பிரித்தறிவார்கள்? பார்வையற்றோருக்கு உதவும் விதத்தில் புதிய வரிசை 2019 மார்ச்சில்தான் வெளியிடப்பட்டது. 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் வைத்ததும் அந்த வரிசையில்தான்.

பத்து ரூபாய்க்கு வந்த சோதனை

சரி, விஷயத்துக்கு வருவோம். காசைப் பார்க்காததால் வந்த நஷ்டத்துக்கு உதாரணம், பத்து ரூபாய் நாணயம்.

இரண்டு உலோகத்தில் செய்த பத்து ரூபாய் நாணயம் 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் ரூபாய்க் குறியீடு இல்லை. இருக்கவும் முடியாது. அந்தக் குறியீட்டை மத்திய அரசு ஏற்றுக்கொண்டதே 2010 ஜூலையில்தான். அதை வரைந்த உதயகுமார் ஒரு தமிழர் என்பது பலருக்கும் தெரிந்ததே. 2011-லிருந்து வந்த நாணயங்களில் குறியீடு சேர்ந்தது. அதோடு, எண்ணுக்கு மேலே இருக்கும் கதிர்க் கோடுகளும் 15-லிருந்து 10 ஆகக் குறைந்தன.

வடிவம் மாறியது, செய்தி மட்டும் மக்களிடம் போய்ச் சேரவில்லை. ‘பத்துக் கோடு இருந்தால் அசல், பதினைந்து கோடு இருந்தால் போலி’ என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. தமிழ்நாடு, ஆந்திரா என்று பல ஊர்களில் கடையிலும் பேருந்திலும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்தார்கள். சில இடங்களில் பதினைந்து கோடு மட்டுமில்லை, எந்தப் பத்து ரூபாய் நாணயமும் வேண்டாம் என்றார்கள். ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் விளக்கம் கொடுத்தது. போதவில்லை. 2018 ஜனவரி 17-இல் மறுபடியும் அறிவித்தது: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியாகியிருக்கிறது, 14-ம் செல்லும்.

யாருக்கு நஷ்டம்? வங்கியில் கணக்கு வைத்துக் கார்டு தேய்ப்பவருக்கு ஒன்றுமில்லை. கூடையில் பூ விற்கும் அம்மாவின் சுருக்குப்பையில் ஒரு நாளில் இருபது பத்து ரூபாய் நாணயம் சேர்ந்தால் அது 200 ரூபாய். மறுநாள் கொள்முதலுக்குப் போகும்போது மொத்த வியாபாரி ‘இது ஓடாதும்மா’ என்று தள்ளிவிட்டால், அன்றைய முதலே போச்சு. எல்லை ஊர்களில் இது இன்னும் சிக்கல். ஒரு பக்கம் ஓடுகிற காசு மறுபக்கம் ஓடாது என்ற பேச்சு கிளம்பினால் போதும், எல்லோரும் அந்தக் காசை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஒரு தடவை கொடுக்கும் தொகையில் 1000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும் பணம். 50 பைசாகூட இன்னும் சட்டப்படி செல்லும், 10 ரூபாய் வரை. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் இறுதியோடு விலக்கிக்கொள்ளப்பட்டன. ஆனால் கடைத்தெருவில் சட்டப் புத்தகத்தைப் பிரித்து வாதாட யாருக்கு நேரம்? அங்கே உதவுவது, ‘இது 2010-க்கு முந்தைய வடிவம், அதனால்தான் குறியீடு இல்லை’ என்று காசைக் காட்டிச் சொல்லத் தெரிந்த ஒரு ஆள்தான். காசில் வகை தேடும் பழக்கம் உள்ள ஒருவர் தெருவுக்கு ஒருவர் இருந்திருந்தால், அந்த வதந்திக்கு இத்தனை வருட ஆயுள் கிடைத்திருக்காது.

லட்சம் தரும் காசு?

இது ஒருபுறம் இருக்க, மறுபுறம் ஆசை. ‘உங்கள் வீட்டில் இந்த ஐந்து ரூபாய் நாணயம் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!’ என்ற மாதிரி விளம்பரங்களையும் வீடியோக்களையும் பார்க்காதவர்கள் குறைவு. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த காசுக்குப் பல லட்சம், ‘எச்’ எழுத்துள்ள 1985 ரூபாய்க்கு லட்சம் என்று அடித்துவிடுவார்கள். வைஷ்ணோ தேவி நாணயம் 2012-இல் புழக்கத்துக்காகவே வெளியிடப்பட்டது. ‘எச்’ ரூபாயும் அப்படித்தான். இரண்டும் சேகரிப்பாளர்களிடம் தாராளமாகக் கிடைக்கிற காசுகள்.

ஏமாற்று வேலை நடக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். காசின் படத்தை அனுப்பச் சொல்வார்கள். உடனே பெரிய விலை பேசுவார்கள், பேரமே பேச மாட்டார்கள்! பிறகு ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம் வரும். பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். கட்டினால் அடுத்து ஜிஎஸ்டி, அடுத்து இன்ஷூரன்ஸ், அடுத்து வேறொன்று. கடைசியில் போன் எடுக்க மாட்டார்கள். இந்த மோசடி பெருகியதால்தான் 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது.

இதில் மாட்டுபவர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் திண்டாடும் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி, தன் டப்பாவில் கிடக்கும் காசு லட்சம் பெறும் என்று கேள்விப்பட்டால் நம்பத்தான் பார்ப்பார். அவரைக் காப்பாற்ற ‘ஆசைப்படாதே’ என்ற உபதேசம் பயன்படாது. அந்தக் காசு ஏன் அபூர்வம் இல்லை என்று அவராகவே கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிழை எப்படிப் பிறக்கிறது?

அதற்குக் காசு அடிக்கும் விதம் தெரிந்தால் போதும். உலோகத் தகட்டிலிருந்து வில்லை வெட்டுவார்கள். சூடாக்கி மென்மையாக்குவார்கள். ஓரத்தை லேசாக உயர்த்துவார்கள். பிறகு மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுற்றி ஒரு வளையம். நடுவில் வில்லையை வைத்து ஒரே அழுத்து! இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில், கோடிக்கணக்கில் நடக்கும் வேலை. எங்காவது தப்பு வரத்தான் செய்யும். அந்தத் தப்பான காசு சோதனையில் சிக்காமல் வெளியே வந்துவிட்டால் அதுதான் பிழைக் காசு.

வில்லை சரியாக உட்காராமல் அடி விழுந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறை மாதிரி வெற்றிடம் இருக்கும். தகட்டின் ஓரத்திலோ ஏற்கெனவே வெட்டிய இடத்திலோ மறுபடி வெட்டிவிட்டால் காசு கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். அச்சில் விரிசல் விட்டால் காசில் மெல்லிய மேடான கோடு தெரியும். அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லை அதன் மேல் அடிபட்டால், ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் அதே படம் பள்ளமாகவும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியும் இருக்கும். நாணய வியாபாரிகள் இதை ‘லாக்கி’ என்பார்கள்.

அச்சு திரும்பிவிட்ட பிழையைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். சிங்கமுகம் நேராக இருக்கும்படி காசைப் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவதுபோல் திருப்ப வேண்டும். இந்தியக் காசில் மறுபக்கமும் நேராகவே இருக்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் அது பிழை. (அமெரிக்கக் காசு கிடைத்து அதையும் இப்படித் திருப்பிப் பார்த்து ஏமாறக் கூடாது. அங்கே தலைகீழாக இருப்பதுதான் முறை!)

இதைவிட முக்கியம், எது பிழை இல்லை என்று தெரிவது. தேய்ந்து எழுத்து மறைந்த காசு பிழைக் காசு அல்ல. தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறி நசுங்கிய காசு பிழைக் காசு அல்ல. அது ஆபத்தான விளையாட்டும்கூட. பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டி எடுத்துவிட்டு ‘நடுப்பகுதி இல்லாத அபூர்வ நாணயம்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். மோசடி நோக்கத்தோடு காசின் எடையையோ உருவத்தையோ மாற்றுவது குற்றம். காசை உருக்கினாலோ அழித்தாலோ நாணயச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை. நிஜமான பிழை நாணயச்சாலைக்குள் மட்டுமே பிறக்கும். வெளியே வந்த பிறகு நடந்ததெல்லாம் வெறும் காயம்.

இன்னொரு பொதுவான தவறு, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. சேகரிப்பாளர்களுக்குக் காசின் மேல் இயல்பாகப் படிந்த நிறமே அத்தாட்சி. தேய்த்தால் இருக்கிற மதிப்பும் போய்விடும்.

மற்ற நாடுகளில்

சில்லறையில் அதிர்ஷ்டம் அடித்ததே இல்லையா என்றால், உண்டு. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த அமெரிக்கா 1943-இல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்தது. தவறுதலாகச் சில செம்பு வில்லைகளும் கலந்துவிட்டன. 1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் டான் லூட்ஸ் என்ற பள்ளி மாணவருக்குப் பள்ளி உணவகத்தில் வாங்கிய மீதியில் அப்படி ஒரு செம்புக் காசு கிடைத்தது. அவர் அதை விற்காமல் கடைசிவரை வைத்திருந்தார். 2019 ஜனவரியில் ஏலத்தில் அது 2,04,000 டாலருக்குப் போனது.

கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா அந்த வருடம் அடித்த எஃகுக் காசுகள் நூறு கோடிக்கு மேல். அறியப்பட்ட செம்புக் காசுகளோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசிய போலிகள் ஏராளம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். எஃகு ஒட்டும், செம்பு ஒட்டாது.

இங்கிலாந்தில் 2008-இல் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றியபோது, ஆண்டு பொறிக்கும் இடத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் ஜோடி சேர்ந்துவிட, இரண்டு பக்கமும் ஆண்டே இல்லாத காசுகள் வெளியே வந்துவிட்டன. கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததுதான். தவறு நடந்தது உண்மை என்று அரச நாணயச்சாலை ஒப்புக்கொண்டது. எத்தனை காசு வெளியே போயிருக்கும் என்று உத்தேசக் கணக்கும் சொன்னது. அதனால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரு அளவுகோல் கிடைத்தது. விவரம் வெளிப்படையாக இருக்கும் இடத்தில் ‘லட்சம் தருகிறேன்’ என்று ஏமாற்றுவது கடினம்.

பெருவழுதியைக் கண்டுபிடித்த கண்

காசை உற்றுப் பார்ப்பது வேலையற்றவர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த தேய்ந்துபோன காசுகள் பல காலம் யாரும் சட்டை செய்யாத பொருளாக இருந்தன. அப்படிப்பட்ட காசுகளில் மாக்கோதை, கொல்லிப்புறை என்ற சேரர் பெயர்கள் பிற்பாடு படிக்கப்பட்டன. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980-களில் ஒரு சின்னச் செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்தைப் படித்தார். சங்க காலப் பாண்டியன் ஒருவன் தன் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டான் என்பதற்கு அது சான்றானது. 2021-இல் மறைந்த அவர் தொழில்முறைத் தொல்லியலாளர் அல்லர், பத்திரிகைக்காரர். பார்க்கத் தெரிந்த கண் இருந்தது, அவ்வளவே.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. சட்டைப் பையில் வரும் சில்லறை வேறு, மண்ணில் கிடைக்கும் காசு வேறு. பூமிக்குள் புதைந்திருந்த புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டி, பிறகு அங்கேயே நாணயமும் அடித்தார்கள். அந்தப் பக்கம் மண்ணில் கிடைக்கும் ஒரு பழைய காசு, எங்கே எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற விவரத்தோடு இருந்தால் வரலாறு. ரகசியமாகக் கைமாறினால் வெறும் உலோகம்.

என்ன செய்யலாம்?

முதலில் அரசு. எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எந்த வடிவம், எத்தனை காசு... இந்த நான்கு விவரத்தையும் ஒரே அட்டவணையாக, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில், யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். புதிய வடிவம் வரும்போது பழையதும் செல்லும் என்ற படத்தோடு கூடிய அறிவிப்பு பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும். வதந்தி கிளம்பிய பிறகு வரும் விளக்கத்துக்கு எப்போதும் வேகம் குறைவுதான்.

அடுத்து பள்ளிகள். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டு வரும் பத்துக் காசு போதும். காந்தத்தில் எஃகு ஒட்டுகிறது, செம்பு-நிக்கல் ஒட்டவில்லை என்றால் அது அறிவியல். நான்கு குறிகளும் நான்கு ஊர்கள் என்றால் அது புவியியல். எடை குறைந்துகொண்டே வருவது பொருளாதாரம். காமராஜர் நூற்றாண்டுக்கு 2003-ஆம் ஆண்டு நாணயமும், அண்ணா நூற்றாண்டுக்கு 2009-ஆம் ஆண்டு நாணயமும் வரலாறு. வகுப்பு முடிந்ததும் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செலவே இல்லாத பாடம்!

மூன்றாவதாக, தேடுபவர்கள். நாள் முழுவதும் தேடினாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் பெரும்பாலானவற்றுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் போகாது. பிழைப்புக்கு இதை நம்பக் கூடாது. விற்க நினைத்தால் முன்பணம் கேட்காத, நேரில் பார்த்து வாங்கும் ஆளிடமும் நாணயச் சங்கக் கண்காட்சிகளிலும் விசாரிப்பதே பாதுகாப்பு. காசு வாங்குகிறவர்தான் பணம் கொடுக்க வேண்டும். விற்கிறவரிடமே பணம் கேட்டால் அது வியாபாரம் இல்லை.

இதைச் செய்ய அதிக காலமும் இல்லை. டீக்கடையிலும் கீரைக்காரரிடமும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய்க்கும் போனை நீட்டுகிறார்கள். சில்லறைத் தகராறு தீர்ந்தது நல்லதுதான். ஆனால் மெக்சிகோவிலும் பர்மிங்ஹாமிலும் அடித்த காசுகள், 1992-இன் எஃகு ரூபாய், குறியீடு இல்லாத பத்து ரூபாய் எல்லாம் புழக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. இன்று கல்லாப்பெட்டியில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதை இன்னும் சில வருடங்களில் அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்த முறை கடைக்காரர் மீதி கொடுக்கும்போது, எண்ணி முடித்த பிறகு ஒரு காசை மட்டும் எடுத்து, ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். புள்ளியா, நட்சத்திரமா, டைமண்டா, ஒன்றுமே இல்லையா?